ஜவ்வாது மலைக்குக் குறுகியகால ஊழியப் பயணம்: வேலூர் வட்டாரச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடுமுறைக் காலம் நெருங்கும்போது வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரச் சபைகளில் வாலிபர் ஐக்கியத்தார் ஜவ்வாது மலைக்கு ஊழியப் பயணம் போவதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். வேன் அமர்த்துவது, போர்வை வாங்குவது, மருத்துவரை அழைப்பது என்று வேலைகள் விரைவாக நடந்துவிடுகின்றன; யாருக்காகப் போகிறோம், அவர்கள் நம்மை எதிர்பார்க்கிறார்களா, நாம் இறங்கி வந்தபின் அங்கே என்ன மிஞ்சும் என்ற கேள்விகள் மட்டும் பெரும்பாலும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது. சில நாட்கள் மட்டும் தங்கும் ஒரு குழு தனியாக நின்று பெரிய மாற்றம் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் ஆண்டு முழுவதும் மலையிலேயே வாழும் பணித்தள ஊழியர், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியவர் ஆகியோருக்கு அது உண்மையான பலம் சேர்க்க முடியும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இதை நோக்கியே அமைந்துள்ளது.

வட ஆற்காட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன் 1853 இல் நிறுவப்பட்டது. 1900 இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், பின்னர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய், வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். அந்தச் சாலையோர மருத்துவத்தின் பலம் மருந்துப் பெட்டியில் மட்டும் இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். அடுத்த வாரமும் அதே இடத்துக்கு அவர் வருவார் என்ற உறுதி மக்களுக்கு இருந்தது. 1921 இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். ஓர் இந்தியரும் ஓர் ஐரோப்பியரும் ஒரே கூரையின்கீழ் எளிய வாழ்க்கை வாழ்ந்து, சுற்றியுள்ள ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தவரைப் பற்றிய மத்தேயு 20:28 தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகத்துக்கு அடிப்படை. இந்த மரபில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள விரும்பும் எந்தச் சபையும் தன் பயணத் திட்டத்தை அந்த வாசகத்தின் எதிரே வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.

முதற்படி: அழைப்பைப் பெறுதல்

எந்த ஊருக்குப் போவது என்று சபைக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டு, பிறகு அங்கே ஒரு தொடர்பைத் தேடுவது தலைகீழான வழி. முதலில் மலையில் நிரந்தரமாகப் பணி செய்யும் ஒரு சபையையோ, மருத்துவப் பணியையோ, பள்ளியையோ கண்டறிந்து, பயணத்துக்குக் குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே இரண்டு அல்லது மூன்று மூத்தவர்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். அந்த முதற்சந்திப்புக்கு வேன் நிறைய ஆட்களும் வேண்டாம், அன்பளிப்புப் பைகளும் வேண்டாம். பேருந்தில் போய், ஒரு நாள் தங்கி, கேட்டுவிட்டு வந்தால் போதும்.

கேட்க வேண்டியவை சில உண்டு. இதற்குமுன் இங்கே வந்த குழுக்கள் என்ன செய்தன, அவற்றில் எது பயன்பட்டது, எது சுமையாயிற்று? எங்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட உங்கள் வேலையில் எத்தனை நாள் கெடும்? நாங்கள் வராமல் அந்தப் பணத்தை அனுப்பிவிட்டால் உங்களுக்கு அதிகம் உதவுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பல சபைகள் கேட்பதில்லை. பணித்தள ஊழியர் தாமாக அதைச் சொல்லவும் மாட்டார், ஏனெனில் நகரத்துச் சபையின் மனம் கோணக்கூடாது என்ற அச்சம் அவருக்கு இருக்கும். ஆகவே நீங்களே கேளுங்கள்; ‘ஆம்’ என்று பதில் வந்தால், அதை மதித்து நடக்கும் துணிவோடு கேளுங்கள்.

அழைப்பு வந்துவிட்டது என்றால், அது ஊழியரின் அழைப்பா ஊரின் அழைப்பா என்பதையும் பார்க்க வேண்டும். மலை ஊர்களில் ஊர்க் கவுண்டர், நாட்டார் போன்ற மரபுத் தலைமைகள் இன்றும் செல்வாக்கோடு இருக்கின்றன. அவர்களன்றி ஊராட்சித் தலைவரும் உண்டு. இவர்களிடம் நாம் யார், எதற்காக வருகிறோம், எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை ஒளிவுமறைவின்றி முன்பே சொல்லி அவர்களின் இசைவைப் பெறுவது மரியாதை, அது பாதுகாப்பும்கூட. கிறிஸ்தவக் குழு என்பதை மறைத்து ‘சமூக சேவை அமைப்பு’ என்ற பெயரில் ஏறுவது பொய். அந்தப் பொய்யின் விலையை, நாம் இறங்கியபின் அங்கே வாழும் ஊழியர்தான் கொடுப்பார்.

இரண்டாம் படி: மலையையும் மக்களையும் அறிதல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்கள்தொகையில் சற்றேறக்குறைய 1.1 விழுக்காடு. அவர்களுள் மிகப் பெரிய பிரிவு ‘மலையாளி’ என்ற பெயருள்ள மலைவாழ் மக்கள்; இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. தமிழ்தான் அவர்கள் பேச்சு; காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த முன்னோர்களைப் பற்றிய மரபுக்கதை அவர்களிடையே வழங்குகிறது. சாமை, கேழ்வரகு, புளி, பலா, தேன், கால்நடை ஆகியவை வாழ்வாதாரம். அவை போதாத காலத்தில் கூலி வேலைக்குக் கீழே இறங்கிப் பல மாதங்கள் வெளியூரில் தங்குகிறார்கள். இராணிப்பேட்டை, வேலூர் மாவட்டச் சமவெளிகளில் ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் வாழும் இருளர்கள் வேறு மக்கள், அவர்களின் துன்பங்களும் வேறு. இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு பிரிவினருள் ஒருவர்; கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் அவர்களிடையே உண்டு. ‘பழங்குடியினர்’ என்று ஒரே சொல்லில் இருவரையும் அடக்கி ஒரே திட்டத்தை இரண்டு இடத்திலும் நடத்தக்கூடாது.

நிர்வாகப் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989 இல் பிரிந்தது; வேலூர் மாவட்டம் 2019 இல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. அதனால் ஒரே ஜவ்வாது மலை இன்று மூன்று ஆட்சியர்களின்கீழ் இருக்கிறது: ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு திருப்பத்தூர் மாவட்டம், அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை வேலூர் மாவட்டம். எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தக் காவல் நிலையம், எந்த வனச்சரகம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே மாறும். வேலூரிலிருந்து போகிறோம் என்பதற்காக வேலூர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு ஜமுனாமரத்தூரில் போய் நிற்பதில் பயனில்லை.

தொலைவு என்பதை இந்த மலையில் கிலோமீட்டரில் அளக்க முடியாது. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பகுதியிலுள்ள அல்லேரி மலையில் பாம்பு கடித்த பெண் குழந்தை ஒன்று, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே இறந்தது; சாலை இல்லாததால் உடலையும் தாய் சுமந்துகொண்டு நடந்தே ஊர் திரும்ப வேண்டியிருந்தது. வேலூர் நகரத்தின் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் அதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பயணத்துக்குமுன் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும். ‘மலை மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எளிதாகச் சொல்லும் வாய் அப்போது அடங்கும்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்திருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வெளியூர் வண்டியில் வரும் அறிமுகமற்ற ஆட்களைக் கண்டால் ஊர் சற்று ஒதுங்குவதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. ஒரு வீட்டில் ஆண்கள் இல்லையென்றால், அவர் எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று துருவிக் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு விடுமுறை கிடைக்கும் காலமும் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்பாதைகள் வழுக்கும், ஓடைகள் பெருகும், நடைப்பயணம் ஆபத்தாகும். சாமை அறுவடையின்போதும் புளி உலுக்கும் காலத்திலும் பகலில் ஊரில் முதியவர்களும் குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். பொங்கலையும் ஊர்த் திருவிழாக்களையும் ஒட்டி முகாம் வைப்பது முறையாகாது. அது அவர்களுடைய கொண்டாட்ட நேரம். பொங்கல் முடிந்து ஓரிரு வாரம் கழித்து, பள்ளித் தேர்வுகள் நெருங்குமுன், அதாவது சனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடுவரையிலான காலம் பெரும்பாலும் ஏற்றது. இரவில் நன்றாகக் குளிரும். எனினும் இறுதி நாளைக் குறிக்கும் உரிமை மலையிலுள்ளவர்களுடையது.

நான்காம் படி: குழு

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்குமேல் போனால் நீர், கழிப்பறை, சமையல், படுக்கை எல்லாம் ஊருக்குப் பாரமாகும். பெண்களின் நலனைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பது நல்லது. அவர்கள் தங்குமிடத்தில் கழிப்பறையும் கதவடைக்கும் வசதியும் இருக்கிறதா என்று முதற்சந்திப்பின்போதே பார்த்துவிட வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் அல்லது செவிலியர் இல்லாமல் மருத்துவ முகாம் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. சமையலறிந்த ஒருவர், சிறு பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், கணக்கெழுதும் ஒருவர் ஆகியோர், நன்றாகப் பாடும் மூவரைவிடப் பயன்படுவார்கள்.

புறப்படுமுன் மூன்று அல்லது நான்கு வாரம் கூடிப் பயிற்சி எடுக்க வேண்டும். ஜெபமும் வேதபாடமும் அதில் இருக்கும். கூடவே முதலுதவி, மக்களை விளிக்கும் முறை, குழந்தைப் பாதுகாப்பு, அடுத்து வரும் சட்டச் செய்திகள் ஆகியவையும் இருக்க வேண்டும். குழந்தைகளோடு பழகும் எவரும் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக்கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். இந்த விதியில் ஆயருக்கும் விலக்கு இல்லை. ஏற்க மறுப்பவரை அவர் எவ்வளவு பக்தியுள்ளவராயினும் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் படி: சட்டமும் அனுமதியும்

அரசியலமைப்பின் 25 ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை அளிக்கிறது. 1977 இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002 இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆயினும் மலைக்கு அப்பால் மாநில எல்லை கடந்தால் சட்டநிலை வேறாக இருக்கலாம். பட்டியல் சாதியினரைப் போலன்றி, பழங்குடியினர் மதம் மாறினால் பழங்குடித் தகுதியைச் சட்டப்படி இழப்பதில்லை. இதைப் பற்றி ஊரில் எழும் அச்சங்களுக்குப் பதில் சொல்ல ஊழியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதோ இரவு தங்குவதோ கூடாது. முகாம் நடத்துவதாக இருந்தால் வட்டார மருத்துவ அலுவலருக்கும், பள்ளிக்குள் எந்த நிகழ்ச்சி வைப்பதாக இருந்தாலும் தலைமையாசிரியருக்கும் கல்வித் துறைக்கும், குழுவினர் பெயர்ப்பட்டியலோடு உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் சமயப் போதனை செய்யக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அல்லது நண்பர் சுற்றுலா விசாவில் இருந்தால், அவரை ஊழியப் பணியில் ஈடுபடுத்துவது விசா விதிமீறல்; அவருக்கும் உங்களுக்கும் துன்பம் வரும். அவரை அழைத்துச் செல்லாதீர்கள்.

ஆறாம் படி: பணம்

முதலில் இரண்டு பத்தியாகக் கணக்கைப் பிரித்து எழுதுங்கள்: நமக்காக ஆகும் செலவு ஒரு பக்கம், மலை மக்களுக்காக ஆகும் செலவு மறுபக்கம். வேன், உணவு, பேனர், ஒரே நிறச் சட்டை ஆகியவை முதற்பக்கத்தில் சேரும். மருந்து, ஊழியருக்கான ஈடு, பள்ளிக்கான பொருள் ஆகியவை இரண்டாம் பக்கத்தில் சேரும். முதற்பக்கம் பெரிதாக இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள். ஒரே நிறச் சட்டையும் பேனரும் இல்லாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை. போகிறவர்கள் தங்கள் பயணச் செலவைத் தாங்களே ஏற்று, சபையின் காணிக்கை முழுவதும் இரண்டாம் பக்கத்துக்குப் போவது நேர்மையான ஏற்பாடு.

வெளிநாட்டுப் பணம் வந்தால் 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சொந்த வருமானத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, அவர் நம் சபையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பதிவு இல்லாத சபை அதைப் பெறக்கூடாது.

ஏழாம் படி: பணியைத் தெரிவு செய்தல்

பெரும்பாலான குழுக்கள் மருத்துவ முகாமையே முதலில் நினைக்கின்றன; ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே நாள் முகாமில் இருநூறு பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, உயர்வாக உள்ளவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது மருத்துவமே ஆகாது. எட்டாம் நாள் அவருக்கு மாத்திரை யார் தருவார்? இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய சிகிச்சை கேட்பவை. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசேர்ப்பதற்காக இயங்குகிறது. நீங்கள் கண்டறிபவர்களின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எழுத்தில் ஒப்படைத்து அந்தத் திட்டத்தில் சேர்க்க வழி செய்தால், அந்த ஒரு நாள் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். அந்தச் செவிலியர் முகாமில் நம்மோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவரைத் தாண்டி நாம் மருந்து கொடுத்தால், நாளை அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்புக் குறையும்.

சொறி சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக் குழந்தைகளிடம் அதைக் கண்டதும் ஒரு களிம்புக் குழாயைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும் உட்பட, ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைப் பூசி, மறுநாள் குளித்து, உடுதுணியையும் படுக்கையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும், அப்போதுதான் தீரும். ஆகவே ஐம்பது குழந்தைகளுக்கு ஆளுக்கொரு குழாய் கொடுப்பதைவிட, பத்துக் குடும்பங்களைத் தெரிந்தெடுத்து முழுக் குடும்பத்துக்கும் இரண்டு வேளைக்கான களிம்பைக் கொடுத்து, இரண்டாம் பூச்சை ஊழியரோ செவிலியரோ பார்த்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்வது சிறந்தது.

கருவுற்ற தாய்மாருக்கு ஹீமோகுளோபின் அளவு பார்ப்பது பயனுள்ள பணி. 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை துணை சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. அதைத் தேநீரோடும் காப்பியோடும் விழுங்கக்கூடாது என்பதையும், மலம் கருப்பாவது இயல்பே என்பதையும் பெண்களோடு பெண்கள் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால், பாதியில் நிறுத்திவிடுவது குறையும். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் உள்ளவர்களை அரசு காசநோய்ப் பிரிவுக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். நீங்களாக ஆன்டிபயாடிக் கொடுத்து அந்த நோயை மறைத்துவிடாதீர்கள். முதியவர்களுக்குக் கண் பரிசோதித்து வாசிப்புக் கண்ணாடி கொடுப்பது, தொடர்சிகிச்சை அதிகம் வேண்டாத, உடனே பலன் தெரிகிற அரிய பணிகளுள் ஒன்று. அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் முடிகிறதே என்று ஒரு பாட்டி மகிழ்வதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

பாம்புக்கடிக்கான முதலுதவியைக் குழுவினரும் கற்று, ஊராருக்கும் காட்டலாம். கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கொண்டுபோக வேண்டும். சாலையில்லாத ஊருக்கு, நோயாளியைச் சுமந்து செல்லும் டோலி கட்டத் துணியும் மூங்கிலும் ஆயத்தமாக இருப்பது, கைவிளக்குகளும் உறுதியான காலணிகளும் வீட்டுக்கு வீடு இருப்பது, எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருப்பில் இருக்கிறது என்ற செய்தி ஊர்ச் சுவரில் எழுதியிருப்பது ஆகிய இவை சிறிய செலவில் உயிர் காப்பவை.

சான்றிதழ் உதவியைப் பற்றி நகரத்தார் நினைப்பதே இல்லை. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலரே வழங்குகிறார். விசாரணை நீளுகிறது, அது இல்லாமல் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு நின்றுவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழான மனு ஆகியவற்றை நிரப்பித் தருவதற்கு உங்கள் சபையில் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியரோ வழக்கறிஞரோ இருந்தால், அவரை இரண்டு நாள் ஒரு மேசை போட்டு உட்காரவைப்பது எந்த மேடை நிகழ்ச்சியையும்விட உயர்ந்த ஊழியம்.

கட்டட வேலையை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கலாம். கரண்டி பிடித்தறியாத கல்லூரி மாணவர்கள் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. பழைய துணிகளைக் கொண்டுபோகாதீர்கள்.

எட்டாம் படி: ஊரில் நடந்துகொள்ளும் முறை

வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா, பெரியவரே என்றும், நடுவயதினரை அண்ணா, அக்கா என்றும் அழைத்து, எல்லாரிடமும் ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். முதுகு வளைந்த முதியவரைப் பார்த்து இருபது வயது இளைஞர் ‘வா, உட்கார், கையை நீட்டு’ என்று சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. நகரத்து மருத்துவமனையில் இப்படி யாரிடமும் பேச மாட்டோம். செருப்பை எங்கே விட வேண்டும், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், கோயில் எல்லைக்குள் எதுவரை போகலாம் என்பதை ஊழியரிடம் கேட்டு அப்படியே நடந்துகொள்ளுங்கள். அவர்கள் தெய்வங்களையும் திருவிழாக்களையும் இழிவாகப் பேசுவதற்கு எந்தக் கிறிஸ்தவருக்கும் அனுமதி இல்லை.

தங்கியிருக்கிற வீட்டில் கொடுப்பதைப் புசிக்கும்படி லூக்கா 10 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னார். சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ, தருவதை நன்றியோடு உண்ணுங்கள். ஆனால் ஏழைக் குடும்பம் நமக்காகக் கோழி அடித்துக் கடன்படாதவாறு, உணவுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் செலவை உள்ளூர்ச் சபை வழியாக முன்பே கொடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழித் தட்டுகளும் குவளைகளும் 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை; நம் குப்பை முழுவதையும் நாமே கீழே எடுத்து வர வேண்டும்.

புகைப்பட விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவி பெறுபவர் கையில் போர்வையோடு நிற்க, கொடுப்பவர் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றுகூட வேண்டாம். குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்காதீர்கள். நோயாளியின் படத்தைச் சம்மதம் இருந்தாலும் எடுக்காதீர்கள். சபைக்கு அறிக்கை வேண்டுமென்றால் பாதையையும் மலையையும் செய்த வேலையையும் எடுத்தால் போதும்.

ஒன்பதாம் படி: சாட்சியும் உதவியும்

நான் கிறிஸ்துவை நம்புகிறேன். அவரைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை. அதனாலேயே இதை அழுத்தமாகச் சொல்கிறேன்: மருந்துக்கும் போர்வைக்கும் சான்றிதழ் உதவிக்கும் முன்னாலோ பின்னாலோ ஜெபத்தை நிபந்தனையாக வைக்கக்கூடாது. முகாமில் வரிசையில் நிற்பவர்கள் கலைந்து போக முடியாதவர்கள். அவர்கள் முன் பிரசங்கம் செய்வது அவர்களுடைய தேவையைப் பயன்படுத்திக்கொள்வதாகும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆராதனையை மாலையில், உள்ளூர்ச் சபையின் ஜெபவீட்டில், அந்தச் சபையாரின் ஒழுங்கின்படி வையுங்கள். வர விரும்புகிறவர் வருவார். பிரசங்கத்தை மலைச் சபையின் ஊழியரோ மூப்பரோ செய்யட்டும், நீங்கள் கேளுங்கள். நோயாளி தாமாக ஜெபிக்கச் சொன்னால் மெதுவாக, சுருக்கமாக ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த வார்த்தையும் அதில் வரக்கூடாது. ‘ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?’ என்று யாராவது கேட்டால், அதற்கு உள்ளதை உள்ளபடி பதில் சொல்லுங்கள். எத்தனை பேர் கைதூக்கினார்கள் என்ற எண்ணிக்கையை அறிக்கையில் எழுதாதீர்கள். அந்த எண் மலையில் வாழும் விசுவாசிகளுக்கு அண்டை வீட்டாரோடு பகையை வளர்க்கும்.

பத்தாம் படி: இறங்கி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். மருத்துவப் பட்டியலின் நகல் செவிலியரிடம் சேர்ந்ததா என்று உறுதி செய்வது முதலாவது. வரவு செலவுக் கணக்கைச் சபைக்கு மட்டுமன்றி மலைச் சபைக்கும் அனுப்புவது இரண்டாவது. குழு இல்லாத இடத்தில் மனம் திறந்து பேசும்படி ஊழியரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, எது சரியாக இருந்தது, எது தொல்லையாக இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது மூன்றாவது. அடுத்த ஆண்டும் போவதாக இருந்தால் அதே ஊருக்கே போங்கள். புதிய ஊர்களைத் தேடி ஓடும் ஆசை நம்முடையது. தெரிந்த முகம் திரும்பி வருவதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

ஆண்டின் மற்ற நாட்களில் செய்ய வேண்டியதுதான் பெரிய பணி. மலையிலிருந்து நோயாளிகள் வேலூருக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இறங்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டு வாங்குவது, இரவு எங்கே படுப்பது என்று தெரியாமல் பாதியில் திரும்பிவிடுபவர்கள் உண்டு. சபையில் பத்துப் பேர் முறைவைத்து ஆளுக்கொரு வாரம் பொறுப்பேற்று, ஒரே ஒரு தொலைபேசி எண்ணைச் செவிலியரிடமும் ஊழியரிடமும் கொடுத்துவைக்கலாம். அழைப்பு வந்தால் பேருந்து நிலையத்தில் போய் எதிர்கொண்டு, புறநோயாளிப் பிரிவில் உடனிருந்து, காப்பீட்டு அட்டையைப் பதிவு செய்யவைத்து, துணைக்கு வந்தவருக்கு இரண்டு வேளை உணவும் படுக்க இடமும் கொடுத்து, இரத்தம் வேண்டுமென்றால் வாலிபர் ஐக்கியத்திலிருந்து கொடையாளரை அனுப்பி, மருத்துவர் சொன்னதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, ஊருக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும். மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதியை அந்த வாரப் பொறுப்பாளர் குறித்துக்கொண்டு, அடுத்த வாரப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.